நிற்க வேண்டாத ஊர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். சர்க்கரை என்று சொன்ன பிறகு மருத்துவரின் வற்புறுத்தலால் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். இப்போது அதுவே பைத்தியமாகிவிட்டது. செப்டம்பரில் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அல்சாஸ் பகுதியின் திராட்சைத் தோட்டங்கள் வழியே போகும் சைக்கிள் பாதையை, சுமார் 130 கிலோமீட்டர், மூன்று நாளில் முடிக்க நினைக்கிறேன். நீங்கள் அங்கே போய்வந்ததை ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மின் சைக்கிள் எடுத்தால் அது ஏமாற்று வேலையா? கிரான் பலோன் மலையும் ஏறிப் பார்க்கலாமா? வழியில் வரும் ரிக்விர், எகிஸைம் போன்ற ஊர்கள் எல்லாம் சினிமா செட் மாதிரி என்கிறார்களே, உண்மையா? போகும் ஊர்களை எக்செல் தாளில் போட்டு இணைத்திருக்கிறேன். திருத்தித் தந்தால் மகிழ்வேன்.

கே.

அன்புள்ள கே,

கடிதத்தை ஒருமுறை படித்தேன், எக்செல் தாளைப் பலமுறை பார்த்தேன். ஊர், தூரம், ஏற்றம், காபிக் கடை, சைக்கிளைப் பூட்டிவைக்க இடம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில் தீர்ப்பு. உனாவிர் பச்சை, ரிக்விர் பச்சை, கைசர்ஸ்பேர்க் பச்சை. மிட்டல்விர், பென்விர், சிகோல்ஸைம், அமெர்ஷ்விர் நான்கும் சிவப்பு. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘புதுக் கட்டடங்கள், நிற்க வேண்டாம்.’ கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அந்தக் குறிப்பு கிளறிவிட்டது. இல்லையென்றால் உங்களுக்கு இரண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

முதலில் சின்னக் கேள்விகள். மின் சைக்கிள் ஏமாற்று வேலையா என்கிறீர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள், உங்கள் கணையத்தையா? ஐரோப்பியச் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் கையைக் கழுவிவிடும். மிதிப்பதும் நீங்கள்தான், வியர்ப்பதும் நீங்கள்தான். சர்க்கரை வந்த மனிதர் சோபாவில் சாயாமல் சைக்கிளில் ஏறினாரே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கிரான் பலோன் வோஜ் மலையின் உச்சி, 1424 மீட்டர். 2022இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் செலெஸ்டா என்ற ஊரில் கிளம்பி அது உட்பட மூன்று ஏற்றங்களை ஒரே நாளில் ஏறி, மூன்று நிமிடத்துக்கு மேல் முந்தி ஜெயித்தார் அன்னெமீக் வான் வ்லேட்டன். அதுவும் அந்த வாரத் தொடக்கத்தில் வயிறு கெட்டுச் சுருண்டு கிடந்த பிறகு. நீங்கள் வான் வ்லேட்டன் இல்லை. இந்த வருடம் மலையைக் கீழேயிருந்து பாருங்கள், போதும்.

சினிமா செட் என்று சொன்ன நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள். ரிக்விரின் டோல்டர் கோபுரம் 1291இல் கட்டியது. அந்த வீடுகள் திராட்சை மதுவை ரைன் நதி வழியாக வடக்கே விற்றுச் சம்பாதித்த காசில் எழுந்தவை. செட் என்றால் பின்பக்கம் காலியாக இருக்கும். இங்கே வீட்டின் அடியில் பீப்பாய்கள் கிடக்கும் நிலவறை இருக்கிறது. கூட்டம் பிடிக்காவிட்டால் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். அவ்வளவுதான்.

இனி அந்த நான்கு சிவப்புக் கட்டங்கள்.

ரிக்விருக்கும் பென்விருக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர் இருக்கலாம். இறக்கத்தில் சைக்கிள் தானாகவே போய்விடும். இரண்டும் ஒரே மண், ஒரே மழை, ஒரே கொடி. மேற்கிலிருந்து வரும் மேகத்தை வோஜ் மலை தடுத்து வைத்துக்கொள்வதால் பிரான்ஸில் மழை குறைந்த நகரங்களில் ஒன்று கோல்மார். அந்த வெயிலில்தான் ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது, மிட்டல்விரில் வாதுமை மரம்கூட வளர்கிறது. பிறகு ஏன் ஒன்று 500 வருடப் பழசு, மற்றது உங்கள் பார்வையில் ‘புதுக் கட்டடம்’?

1944 டிசம்பரில் போர்முனை எங்கே நின்றது என்பதுதான் காரணம். கோல்மாரைச் சுற்றி ஜெர்மன் படை ஒரு பெரிய வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அமெரிக்கப் படையும் பிரெஞ்சு முதல் படையும் அதை உடைக்கப் பார்த்தன. பென்விரும் சிகோல்ஸைமும் அடிவாரத்தில், சமவெளியை நோக்கி நின்ற ஊர்கள். வீட்டுக்கு வீடு சண்டை. பீரங்கி இரண்டு பக்கமிருந்தும். கோல்மார் விடுபட்டது 1945 பிப்ரவரி 2. வளையம் முழுதாக ஒழிந்தது பிப்ரவரி 9. அதற்குள் இந்த ஊர்களில் நிற்பதற்குச் சுவர் இல்லை. மலைமடிப்புக்குள் ஒதுங்கிக் கிடந்த ரிக்விர் தப்பித்தது. ரிக்விர்க்காரர்கள் நல்லவர்கள் என்பதாலோ பென்விர்க்காரர்கள் பழமையை மதிக்காதவர்கள் என்பதாலோ அல்ல. பீரங்கிக்குக் குறி எங்கே என்பதுதான் விஷயம். தப்பித்த ஊருக்கு நாம் பச்சை போடுகிறோம். அடி வாங்கிய ஊருக்குச் சிவப்பு.

நான் போனபோதும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் நண்பர் முன்னால் பறந்துகொண்டிருந்தார், மதியத்துக்குள் எகிஸைம் போய்ச் சேர வேண்டுமென்று. பென்விர் நடுத்தெருவில் என் சைக்கிளின் சங்கிலி கழன்றது. கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தபோது தேவாலயம் கண்ணில் பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பள்ளிக்கூட அரங்கு மாதிரி, ஐம்பதுகளின் கட்டடம். உள்ளே போனால் ஒரு பக்கச் சுவர் நீளத்துக்கும் வண்ணக் கண்ணாடி. சைக்கிள் செருப்பின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தரையில் டக் டக்கென்று சத்தம் போட, நான் கால்விரலில் நடந்தேன். நீலமும் சிவப்பும் என் கிரீஸ் கையில் விழுந்தன. தங்கள் தேவாலயத்தை இழந்த விவசாயிகள் பழையது மாதிரியே ஒன்றைப் பொய்யாகக் கட்டிக்கொள்ளவில்லை. தங்கள் காலத்தில் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். எனக்கு அது டோல்டர் கோபுரத்தைவிடப் பெரியதாகப் பட்டது. நண்பருக்குப் படவில்லை. வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சின்னமனூர்க்காரர். திராட்சை பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் ஒன்று காற்றில் சாய்ந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று பார்த்திருப்பீர்கள். இங்கே பந்தல் இல்லை, கம்பி கட்டி வரிசையாக நிற்கவைத்த கொடி. அந்த வரிசைகளுக்குள் போர் முடிந்த பிறகும் கண்ணிவெடி கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, மரக்கொட்டகையில் குடியிருந்துகொண்டு, திரும்பக் கொடி நட்டார்கள். நட்ட கொடி காசு பார்க்க மூன்று வருடமாவது ஆகும். நிலவறையும் பீப்பாயும் போன ஆட்கள் தனித்தனியாக மது செய்ய வழியில்லாமல் கூட்டுறவுச் சங்கம் வைத்துச் சேர்ந்து செய்தார்கள். நீங்கள் படம் பிடிக்கப்போகும் அந்தப் பச்சை வரிசைகளில் கணிசமானவை அப்படி மறுபடி நட்டவை. கொடிக்குப் பச்சை, நட்டவன் வீட்டுக்குச் சிவப்பா?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ஊர் ஆண்கள் பலர் அப்போது ஊரிலேயே இல்லை. 1940இல் அல்சாஸை ஜெர்மனி சேர்த்துக்கொண்டது. 1942 ஆகஸ்டில் ஆணை போட்டு அல்சாஸ் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்துக்குக் கட்டாயமாக இழுத்தது. சுமார் 1 லட்சம் பேர். பெரும்பாலும் ரஷ்ய முனைக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரனாகப் பிறந்து ஜெர்மன் சீருடையில் செத்தவன் யாருக்காகச் செத்தான்? அதனால்தான் பிரான்ஸின் மற்ற ஊர்களில் ‘பிரான்ஸுக்காக உயிர்நீத்தவர்கள்’ என்று பொறித்திருக்கும் நினைவுச் சின்னத்தில், அல்சாஸ் ஊர்களில் பெரும்பாலும் ‘நம் இறந்தவர்களுக்கு’ என்று மட்டும் இருக்கும். எந்த நாடு என்று எழுத முடியாது. சைக்கிளை விட்டு இறங்காதவன் அதைப் படிக்கப்போவதில்லை.

பென்விரிலிருந்து சிகோல்ஸைம் ரொம்பத் தூரமில்லை. ஊருக்கு மேலே ஒரு மேடு. மக்கள் அதை இரத்தக் குன்று என்கிறார்கள். அதன் மேல் போர்வீரர் கல்லறைத் தோட்டம், 1589 பேர், பிரெஞ்சு முதல் படையைச் சேர்ந்தவர்கள். சுற்றி நான்கு பக்கமும் திராட்சை. கல்லறை வரிசைகளில் ஒரு பகுதி சிலுவை. இன்னொரு பெரும்பகுதியில் தலைக்கல்லின் மேற்பக்கம் வளைவாக, அரபு எழுத்தோடு. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியாவிலிருந்து வந்தவர்கள். தென்பிரான்ஸில் கரையிறங்கி, வெயில் நாட்டுக்காரர்கள் பனியில் இந்த மலையடிவாரம்வரை நடந்து வந்தார்கள். அவர்களோடு வந்த மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் பலரை 1944 இலையுதிர் காலத்திலேயே படையிலிருந்து விலக்கி, அவர்கள் சீருடையையும் துப்பாக்கியையும் பிரெஞ்சு இளைஞர்களிடம் கொடுத்தது ராணுவம். குளிர் தாங்க மாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். வெற்றி ஊர்வலம் நெருங்கும் நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. உயிரோடு ஊர் திரும்பியவர்களின் ஓய்வூதியத்தை 1959இல் ஒரு சட்டம் அப்படியே உறையவைத்தது. காலனி விடுதலையடைந்துவிட்டால் அந்த நாட்டு வீரனுக்குப் பழைய தொகைதான், விலைவாசி ஏறினாலும் ஏறாது. பக்கத்துப் பதுங்குகுழியில் கிடந்த பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் வருடா வருடம் ஏறும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அவர்கள் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், மொராக்கோக்காரனுக்கு அது இல்லை. 2002இல் அரைகுறையாகச் சரிசெய்யத் தொடங்கினார்கள், சமமாக்க முடிவெடுத்தது 2006இல்தான். அப்போது அந்தக் கிழவர்களில் எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், எக்செல் தெரிந்தவர்தானே.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபம்தான். உங்கள் மேல் மட்டுமல்ல. படித்த பிள்ளைகள் எல்லோரும் இப்போது இப்படித்தான் ஊர் சுற்றுகிறார்கள். ‘மிக அழகான கிராமம்’ என்று முத்திரை குத்திய ஊருக்கு ஒரு மணி நேரம், குத்தாத ஊருக்கு ஒரு மிதி. அதிலும் நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் குடியிருப்பவர். தினமும் நடக்கும் அந்த நடு ஊரே குண்டுவீச்சில் போய்த் திரும்பக் கட்டியதுதான். அங்கே நின்று ரொட்டி வாங்குகிறீர்களே, அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன நிறம் போட்டீர்கள்?

சரி, தாளைத் திருத்தச் சொன்னீர்கள். மோல்ஸைமில் தொடங்கி தான் என்ற ஊரில் (சிரிக்காதீர்கள், பெயரே அதுதான்) முடிக்கிறீர்கள். முதல் நாளைத் தொடவில்லை. இரண்டாம் நாளை வெட்டுங்கள். காலையில் ரிக்விர், அங்கிருந்து மிட்டல்விர், பென்விர், சிகோல்ஸைம் மேடு, மாலையில் கைசர்ஸ்பேர்க். தூரம் உங்கள் கால்களுக்கு அவமானமாகத் தோன்றும் அளவுக்குக் குறைவு. சராசரி வேகம் காட்டும் அந்தச் செயலியை அன்று ஒருநாள் அணைத்து வையுங்கள். கைசர்ஸ்பேர்க்கில், ஆப்பிரிக்காவில் மருத்துவம் பார்த்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875இல் பிறந்த வீடு இருக்கிறது, அது உங்கள் பட்டியலிலேயே இல்லை. மூன்றாம் நாள் மீதித் தூரம் முடியாவிட்டால் கோல்மாரில் ரயில் ஏறுங்கள். உள்ளூர் ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம்.

மது குடிக்கலாமா என்பதை என்னிடம் கேட்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை அவசியம். ஏற்றத்தில் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டினால் பக்கத்துக் கொடியிலிருந்து ஒரு கொத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். செப்டம்பர் அறுவடைக் காலம். தோட்டக்காரர் பார்த்தால் நாலு மொழியில் திட்டுவார், நியாயமும் அவர் பக்கம்தான். சின்னமனூரில் உங்கள் பந்தலில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைவைத்தால் நீங்கள் சும்மாவா இருப்பீர்கள்?

அன்புடன்.