லோடரின் கை தானாக இறங்குவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி (வாலிநோக்கம், உப்பளம்): ஐயா, எங்கள் சிறிய லோடரில் உப்பை அள்ளித் தூக்கி நிறுத்தினால், கால் மணி நேரத்தில் கை தரைக்கு வந்துவிடுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் புது சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) போட்டும் தீரவில்லையே?

பதில்: பழுது எங்கே என்று பார்க்காமல் சிலிண்டரைப் பிரிப்பதால்தான் பலருக்கும் இந்தச் செலவு வீணாகிறது. சுமை, ராடை (பிஸ்டனோடு இணைந்து சிலிண்டருக்கு வெளியே நீளும் தண்டை) உள்ளே தள்ளும்போது, பிஸ்டனுக்கு அடியிலுள்ள ஆயில் முழுவதும் மேல் அறைக்குள் அடங்காது. அங்கே ராடும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், மிஞ்சுகிற ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியே ஒழுக்கு இல்லையென்றால் அதற்கு உள்ள வழி, லீவரால் இயக்கும் கண்ட்ரோல் வால்வுதான். பிஸ்டன் சீல் கெட்டிருந்தால் இந்தக் கசிவு வேகமெடுக்கும்: 50 மி.மீ. உள்விட்டமும் 30 மி.மீ. ராடும் கொண்ட சிலிண்டரில், அதே சுமைக்கு உள்ளழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்கு வரை ஏறி, ஆயிலை ஸ்பூலின் (வால்வுக்குள் நகரும் உருளைத் தண்டின்) இடுக்கு வழியே பிதுக்கும். ஸ்பூலுக்கும் வால்வு உடலுக்கும் இடையில் நுண்ணிய இடைவெளி இருப்பதால் புது வண்டியிலும் சிறிது இறக்கம் உண்டு. இரவு முழுவதும் நின்ற கை காலையில் தாழ்ந்திருப்பதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை. கால் மணி நேரம் என்பது பழுதுதான். உப்பளத்து வண்டி என்பதால், வால்வைப் பிரிக்கும் முன் லீவர் இணைப்புகளைப் பாருங்கள். உப்பு படிந்து இறுகிய இணைப்பு, ஸ்பூலை முழுமையாக நடுநிலைக்குத் திரும்ப விடாது.

கேள்வி (உச்சிப்புளி): சீலா, வால்வா என்று நாங்களே கண்டறிய முடியுமா?

பதில்: முடியும். பக்கெட்டைக் காலி செய்து, கையை முழு உயரத்துக்குத் தூக்கி, பாதுகாப்புப் பூட்டை மாட்டுங்கள். எஞ்சினை அணைத்து, லீவரை அசைத்து அழுத்தத்தை இறக்கிய பின், ஒரு சிலிண்டரின் ராடுப் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை அடைத்துவிடுங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, தூக்கும் பக்கம் மட்டும் லீவரை மெல்லத் தள்ள வேண்டும். இறக்கும் பக்கம் தொடவே கூடாது. திறந்த துவாரத்தில் ஆயில் நில்லாமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராவிட்டால் அடுத்த சிலிண்டரையும் இப்படியே பார்த்துவிட்டு வால்வுக்குப் போங்கள். ஒழுக்கை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே ஏறினால் உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கேள்வி (மண்டபம்): காலையில் நிற்கிற கை மதியத்தில் மட்டும் இறங்குகிறது.

பதில்: ஆயில் சூடேறினால் இளகி, தேய்ந்த இடுக்கில் எளிதாகக் கசியும். வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டும் 46 எண் ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான 68 எண் ஆயில் ஊற்றலாம். இறக்கம் குறையும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி (தொண்டி): ராடில் புள்ளி புள்ளியாகத் துரு. சீல் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் குழிகள் புது சீலின் உதட்டையும் அறுத்துவிடும். ராடை மறுபடி குரோம் பூச வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கடற்காற்றில் நிற்கும் வண்டியை எப்போதும் கையைத் தரையில் இறக்கியே நிறுத்துங்கள். அப்போது தூக்கும் சிலிண்டர்களின் ராடு உள்ளே ஆயிலில் இருக்கும். வெளியே நீட்டி நிற்கும் பக்கெட் ராடை நல்ல தண்ணீரில் துடைத்து, ஈரம் போனதும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவிவிடுங்கள்.