ஹைபிரிட் கார் வாங்கலாமா? அப்பா ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம்

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வயது 31, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. பிடித்தம் போக கைக்கு வருவது 3,900 வெள்ளி (ரிங்கிட்), அதில் பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு மாதம் 150 கட்டுகிறேன். என் மைவி 1.3 காருக்கு 11 வயதாகிறது. கடன் முடிந்துவிட்டது, ஆனால் ஏர்கோன் கம்ப்ரஸரும் அப்சோர்பரும் போய்விட்டன, சரிசெய்ய 2,500 ஆகும் என்கிறார்கள். வேலைக்குப் போய்வர நாளுக்கு 60 கிலோமீட்டர், மற்றதையும் சேர்த்து மாதம் 1,800 ஓடும். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த 1.5 லிட்டர் ஹைபிரிட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலை 102,000. அதே மாடல் சாதாரணப் பெட்ரோலில் 18,000 குறைவு. சேமிப்பில் இருக்கும் 12,000-ஐ முன்பணமாகக் கட்டினால் 9 வருடத்துக்கு மாதம் 1,050. பெட்ரோல் மிச்சத்திலேயே பாதித் தவணை அடைந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். அப்பா இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் அவரைப் புதுக் காரில் உட்கார வைத்துப் பார்க்க ஆசை. வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்தப் பாதித் தவணைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், உங்கள் முடிவே அதன் மேல்தான் நிற்கிறது. 2025 செப்டம்பர் 30-இல் புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் எல்லா மலேசியருக்கும் வந்தபோது ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பழைய மைவி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் மாதம் சுமார் 129 லிட்டர், 256 வெள்ளி. ஹைபிரிட் 22 கொடுத்தால் 82 லிட்டர், 163 வெள்ளி. மிச்சம் 93. பாதித் தவணை என்றால் 525. மாதம் முழுக்க நீங்கள் போடும் பெட்ரோலே 256 வெள்ளிதான் எனும்போது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத கார் என்றாலும் 525 எங்கிருந்து மிச்சமாகும்? அப்போது மானியமில்லாத விலையாக இருந்த 2 வெள்ளி 60 காசுக்குப் போட்டால்கூட மிச்சம் 122-தான்.

சரி, புதுக் கார் எப்படியும் வாங்கத்தான் போகிறேன், ஹைபிரிட்டா சாதாரணமா என்பதுதான் கேள்வி என்றால் கணக்கு இன்னும் மோசம். அதே மாடல் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுக்கும் என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 61 வெள்ளி. கூடுதலாகக் கொடுக்கும் 18,000 திரும்பி வர ஏறக்குறைய 25 வருடம் ஆகும், வட்டியைச் சேர்க்காமலே. சாலை வரியிலும் சலுகை இல்லை, அது எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடுவது, 1.5 லிட்டர் செடான் என்றால் எதுவாக இருந்தாலும் வருடம் 90 வெள்ளி. காப்புறுதி காரின் மதிப்பைப் பொறுத்தது, அது ஏறும்.

ஹைபிரிட் மோசமான கார் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் ஊருக்கு மின்சாரக் காரைவிட அதுதான் பொருத்தம், ஏனென்றால் அதற்குச் சார்ஜர் தேவையில்லை, தோட்டத்து வீட்டு வயரிங்கைத் தொட வேண்டியதும் இல்லை. பிரேக் அழுத்தும்போது வீணாகப் போகிற சக்தியை மோட்டார் வாங்கி பேட்டரியில் போட்டு, அடுத்த முறை கிளம்பும்போது அதையே திருப்பிக் கொடுக்கிறது, அதனால் நின்று நின்று போகும் நகர நெரிசலில்தான் அதன் முழுப் பலன் தெரியும். பிரேக் பேட் நாள்பட உழைக்கும், எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஏர்கோன் குளிரும், சத்தமே இருக்காது. கோலாலம்பூரில் நாள் முழுக்கக் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர், மாதம் நான்காயிரம் ஐந்தாயிரம் கிலோமீட்டர் போகிறவர் கேட்டிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். உங்கள் பாதை அப்படியா? சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாகப் பெரும்பாலும் ஒரே சீரான ஓட்டம், ஈப்போவை நெருங்கும்போதுதான் சமிக்ஞை விளக்குகளும் நெரிசலும். அதனால் 22 என்று நான் போட்டதே கொஞ்சம் தாராளம்தான்.

தோட்டத்தில் வைத்து ஓட்டுவதென்றால் விற்பனைக் கூடத்தில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பல ஹைபிரிட் கார்களில் பெரிய பேட்டரி பின்னிருக்கைப் பக்கம் இருக்கும், காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன விசிறி உறிஞ்சி அதைக் குளிரவைக்கும். பின்னிருக்கையின் ஓரத்திலோ அடியிலோ சீப்புப் பல் மாதிரி ஒரு துவாரம் தெரியும், அதற்குள்ளே சல்லடை. செம்பனைக்கு நடுவில் செம்மண் பாதையில் தினமும் போய்வந்தால் அந்தச் சல்லடையில் புழுதி அப்பிக்கொள்ளும், அல்லது பின்னால் யாராவது துணியையோ பையையோ வைத்து துவாரத்தை மூடிவிடுவார்கள், பேட்டரி சூடாகும், சூடுதான் பேட்டரியின் ஆயுளைத் தின்பது. என்றைக்கு ஹைபிரிட் வாங்கினாலும் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்தச் சல்லடையைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி என்றதும் உத்தரவாதத்தைப் பார்க்க வேண்டும், என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக ஆபத்தான எண் அந்த 9 வருடம்தான். ஹைபிரிட் பேட்டரிக்கு இங்கே பொதுவாக 8 வருட உத்தரவாதம் தருகிறார்கள், நீங்கள் கடன் கட்டப்போவதோ 9 வருடம். கடைசி ஒரு வருடம், உத்தரவாதம் தீர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அப்போது அது படுத்தால் மாற்ற ஆயிரக்கணக்கில் வேண்டும். 1,050-ஐ 108 மாதம் பெருக்கிப் பாருங்கள், 113,400. வாங்கிய கடன் 90,000, வட்டி மட்டும் 23,400. 2011 முதல் 2013 இறுதி வரை ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது பிரியஸ், இன்சைட் எல்லாம் நிறைய இறங்கின, பழைய கார் சந்தையில் இன்று அவை மலிவாகக் கிடைப்பதற்குப் பேட்டரி பயமும் ஒரு காரணம். 102,000 அதிகம் என்று நான் சொன்னதும் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது. பழைய செல்களை எடுத்துக் கோர்த்த பேட்டரி போட்ட கார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கவலையெல்லாம் அதில்தான். அப்பா ஓய்வு பெற்றதும் அந்த வீடு? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். அப்பாவின் கடைசிச் சம்பளத்துக்குப் பிறகு எத்தனை மாதம் இருக்கலாம் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் ஆட்கள் வேலையும் கூரையும் இல்லாமல் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதானே. அந்த நிலைமை இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, ஓய்வு பெறும் மாதம் வந்த பிறகுதான் வாடகை வீடு தேடுகிறார்கள்.

உங்கள் பக்கம் 280,000-க்கு ஒரு தொடர்வீடு கிடைக்கிறது என்று வைப்போம். 90 விழுக்காடு கடன் 252,000, வட்டி 4.2, 35 வருடம் என்றால் மாதம் சுமார் 1,150. அதோடு கல்விக் கடன் 150 சேர்ந்தால் 1,300, உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, வங்கி முகம் சுளிக்காது. கார் தவணை 1,050-ஐயும் சேர்த்தால் 2,350, அதாவது 60 விழுக்காடு. அந்த இடத்தில் பல வங்கிகள் தயங்கும், தயங்காமல் கொடுத்தாலும் மீதி 1,550-இல் மூன்று பேர் சாப்பிட்டு, பெட்ரோல் போட்டு, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். முடியாது தம்பி. இன்றைக்கு அந்தக் காருக்குக் கையெழுத்துப் போட்டால் வீட்டை இன்னும் பல வருடத்துக்குத் தள்ளிவைக்கிறீர்கள்.

என் பதில்: இப்போது வேண்டாம். 12,000-இல் 2,500 எடுத்து மைவியைச் சரிசெய்யுங்கள், முடிந்தால் நான்கு டயரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், 11 வயது மைவிக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். மாதம் 1,050 கட்ட முடியும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அதில் 800-ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றி, ஓரளவு சேர்ந்ததும் நிரந்தர வைப்பில் போடுங்கள். இரண்டு வருடத்தில் 19,200, மீதமிருக்கும் 9,500-ஐச் சேர்த்தால் 28,700, அந்த வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 28,000. வழக்கறிஞர் செலவுக்கு உங்கள் சேமநிதியின் செஜாத்ரா கணக்கில் இருப்பதைப் பாருங்கள், வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். 500,000 வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2027 இறுதி வரை இருக்கிறது, அதற்குள் ஒப்பந்தம் போட முடிந்தால் நல்லது. அப்பாவின் சேமநிதியை மட்டும் தொடாதீர்கள், அவரே கொடுத்தாலும்.

நடுவில் மைவி கைவிட்டுவிட்டால்? அப்போது நான்கைந்து வயதான ஹைபிரிட்டைப் பார்க்கலாம். பேட்டரி உத்தரவாதத்தில் குறைந்தது மூன்று வருடம் மீதி இருக்க வேண்டும், சர்வீஸ் எல்லாம் அதிகாரபூர்வ மையத்தில் செய்த பதிவும் இருக்க வேண்டும், கடன் 5 வருடத்தைத் தாண்டக் கூடாது. இதற்குள் வராவிட்டால் சின்னப் பெட்ரோல் காரே போதும்.

அப்பாவைப் புதுக் காரில் உட்கார வைக்கும் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வீட்டை முதலில் போய்ப் பாருங்கள், அவரையும் அம்மாவையும் மைவியிலேயே கூட்டிக்கொண்டு. அப்புறம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் இணையச் சேவையில் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்த்துவிடுங்கள், பிடிபிடிஎன் தவணை எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் அதில் தெரியும், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் அதைக் கட்டி நேராக்கிவிட வேண்டும்.