பதில்: ஜெர்மன் பேசும் டி நீரோவின் குரல் யாருடையது?

வணக்கம். ஜெர்மன் கற்பதற்காக 'டாக்ஸி டிரைவர்' படத்தின் ஜெர்மன் பதிப்பைப் பார்த்ததாகவும், காதில் விழும் வசனமும் கீழே ஓடும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தின் நாயகன், அமெரிக்க நடிகர் ராபர்ட் டி நீரோவுக்கு ஜெர்மனில் குரல் கொடுத்தவர் யார் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில், உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை. டப்பிங் வசனத்தை உதட்டசைவுக்கும் மூச்சு விடும் இடத்துக்கும் ஏற்றபடி மாற்றி எழுதுவார்கள். சப்டைட்டில் பெரும்பாலும் தனியாகச் செய்யும் மொழிபெயர்ப்பு. இரண்டும் பொருந்தாது.

அந்தக் குரல் கிறிஸ்டியான் ப்ரூக்னருடையது. 1943-இல் வால்டன்பர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. வளர்ந்தது ஜெர்மனியின் கொலோன் நகரில். மேடை நடிகராக இருந்தவரை ஜெர்மனி முழுக்க அறிய வைத்தது டப்பிங்தான். பல பத்தாண்டுகளாக டி நீரோ ஜெர்மனில் பேசுவது பெரும்பாலும் இவர் குரலில்தான். லேசாகக் கரகரத்த குரல். அவசரமே இருக்காது, வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நிறுத்துவார், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிறுத்தம்தான்.

உங்களுக்கு உதவக்கூடியது அவருடைய ஒலிப்புத்தகங்கள். 2000-இல் மனைவியோடு சேர்ந்து பார்லாண்டோ என்ற ஒலிப்புத்தகப் பதிப்பகத்தையே தொடங்கினார். சுருக்கப்படாத வாசிப்பாகப் பார்த்து எடுங்கள். அவர் வாசிக்கும் அதே பதிப்பை, மொழிபெயர்ப்பு நூல் என்றால் அதே மொழிபெயர்ப்பாளருடையதை, கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எழுத்தும் குரலும் வரிக்கு வரி சேர்ந்து வரும். அப்புறம், தடித்த நாவலில் கை வைக்காமல் சிறுகதையில் தொடங்குங்கள்.