கப்பல் மாமா பதில்கள்: சின்னதில் ஏறவா, பெரியதில் ஏறவா?

கேள்வி: வணக்கம் மாமா. நானும் வீட்டுக்காரரும் தீம்பாரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் பணம் போட்டு எங்களைச் சொகுசுக் கப்பலில் அனுப்பப் பார்க்கிறார்கள். "பெரிய கப்பல்தான், பத்து மாடி ஏறி இறங்கலாம்" என்கிறான் மகன். "அந்தக் கூட்டத்தில் என்னம்மா சுகம்? நூறு இருநூறு பேர் போகிற சின்னக் கப்பல்தான் இனிமேல்" என்கிறாள் மகள். இவருக்கு முட்டி வலி வேறு. எதில் போவது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முட்டி வலியைக் கடைசியில் எழுதிவிட்டீர்களே அம்மா, நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்டார் கிளிப்பர் என்று ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. 166 பேர்தான் போகலாம். பாய் விரித்து நின்றால் கண் எடுக்க முடியாது. ஆனால் லிஃப்ட் கிடையாது, எங்கும் படிதான். புதிய சின்னக் கப்பல்கள் சிலவற்றில் லிஃப்ட் உண்டு. அவற்றிலும் தீவுக்குப் போக, கப்பலின் ஓரத்துப் படியில் இறங்கி, அலையில் ஏறி இறங்கும் ரப்பர் படகில் கால் வைக்க வேண்டியிருக்கும். ஐயாவை அந்தப் படியில் நினைத்துப் பாருங்கள்.

பெரிய கப்பலும் எல்லா இடத்திலும் கரையை ஒட்டி நிற்காது. பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலும் போர்ட் கிள்ளானிலும் ஒட்டி நிற்கும், நடந்தே இறங்கலாம். புக்கெட்டின் பாத்தோங்கில் தள்ளி நங்கூரம் போட்டு, படகில் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே பதிவு செய்யுமுன் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லி, "அங்கே படகா, துறையா?" என்று கேட்டுவிடுங்கள்.

கூட்டம் பற்றி மகள் சொல்வது பாதிதான் சரி. கப்பலுக்குச் சொல்லும் மொத்த டன் எடைக் கணக்கல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் கணக்கு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் ஏறக்குறைய 2,48,600 டன், அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். தலைக்கு 44. பிரெஞ்சு நிறுவனம் பொனானின் லெ லாபெரூஸ் ஏறக்குறைய 10,000 டன், 184 பேர். தலைக்கு 54. பரவாயில்லை. அந்தப் பாய்மரக் கப்பலோ 2,298 டன்தான், தலைக்கு 14-கூட வராது! ஆள் குறைவு என்பதால் இடம் தாராளம் என்று ஆகிவிடாது. பொனான் மாதிரிக் கப்பலில் ஒருவருக்கு ஓர் இரவே பல நூறு அமெரிக்க டாலர். பிள்ளைகளிடம் சொல்லுமுன் வெள்ளியில் மாற்றிப் பாருங்கள்.

தொழில் இப்போது இரண்டு பக்கமாக இழுபடுகிறது. கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸை ஆரம்பித்த பிறகுதான் நம் ஆட்களுக்குச் சொகுசுக் கப்பல் எட்டியது. அதன் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் விழுந்தது. ஜெர்மனியில் அதற்காகக் கட்டி முடிக்காமல் கிடந்த கப்பலை அதே வருடம் டிஸ்னி வாங்கிவிட்டது. ஏறக்குறைய 6,700 பேர் ஏறும் அந்தக் கப்பலுக்குச் சிங்கப்பூர்தான் தளம். மறுபக்கம் ஊர்கள் கதவைச் சாத்துகின்றன. வெனிஸ் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலை நகரின் நடுக் கால்வாயில் விடுவதில்லை. அலாஸ்காவின் ஜூனோ 2024-இலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் போதும் என்கிறது. பெரிய கப்பல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? சொந்தத் தீவையே விளையாட்டுத் திடலாக்குகிறார்கள், கப்பலையே ஊராக்குகிறார்கள். ஆகவே, நீங்கள் பார்க்கப் போவது கப்பலையா, ஊரையா? ஊர் என்றால் சின்னது, கப்பல் என்றால் பெரியது. இரண்டும் வேண்டும் என்பவர்கள் எழுநூறு பேர் போகும் நடுத்தரக் கப்பலைத் தேடலாம், நம் பக்கம் அது அபூர்வம்.

உங்கள் கடிதத்தில் எந்த ஊர் பெயரும் இல்லையே! சிங்கப்பூரில் ஏறி மூன்று இரவு, பெரிய கப்பலிலேயே போய் வாருங்கள். அறையை நடு மாடியில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். பள்ளி விடுமுறை வேண்டாம். ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர்வரை பல கப்பல்களில் கணக்கில் ஏறும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நான் கப்பலில் சலவைப் பகுதியில் இருந்தவன். துறைமுகத்தில் நிற்கும் நாளில் நீச்சல் குளத்துத் துண்டு பாதிகூட எங்களிடம் வராது, எல்லோரும் ஊர் சுற்றப் போயிருப்பார்கள். ஐயாவோடு அன்று குளக்கரையில் உட்காருங்கள். நம் பாட்டன் பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள். உங்களுக்கு நாற்காலி கிடைக்கட்டும்.

கேள்வி: எனக்குப் பேருந்தில் ஏறினாலே வாந்தி. சின்னக் கப்பலா, பெரிய கப்பலா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பெரியது. அடியில் இருபுறமும் மீன் துடுப்பு மாதிரித் தகடு நீட்டி ஆட்டத்தை அடக்குவார்கள். சின்னதிலும் அந்தத் துடுப்பு உண்டு, ஆனாலும் அலை அதைத்தான் அதிகம் ஆட்டும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை தென்சீனக் கடல் பக்கம் போகாதீர்கள். மாத்திரையைக் கப்பல் கிளம்புமுன் போடுங்கள், தலை சுற்றிய பிறகு போட்டால் பயன் குறைவு.

கேள்வி: மாமா, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், வயது 22. கப்பல் வேலைக்கு ஓர் ஏஜெண்ட் 6,000 வெள்ளி கேட்கிறார். பெரிய கப்பலுக்கா, சின்னக் கப்பலுக்கா முயற்சி செய்வது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, காசைக் கொடுக்காதே. 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி வேலை பிடித்துக் கொடுப்பதற்குக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மலேசியாவும் அதில் சேர்ந்த நாடுதான். மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு உன்னுடையது. விசா செலவு கப்பல்காரருடையது. முதல் வேலைக்குப் பெரிய கப்பலையே பார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருப்பார்கள், சலவை, சமையலறை, அறை துடைப்பது என்று ஆரம்ப வேலை நிறைய. சின்னக் கப்பலில் ஆள் குறைவு, ஒருவரே இரண்டு மூன்று வேலை பார்க்க வேண்டும், அனுபவம் கேட்பார்கள். அந்த ஏஜெண்டிடம் உரிமத்தைக் காட்டச் சொல். காட்டினால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.