அக்கோயா, கேஷி, பரோக், ஏஏஏ: முத்து விற்பவர்கள் சொல்லும் இந்தப் பெயர்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

கேள்வியில் நீங்கள் எடுத்துப் போட்டிருக்கும் விளம்பர வரி இது: 'ஒரிஜினல் ஏஏஏ நன்னீர் அக்கோயா பரோக் முத்து மாலை'. இது எந்த வகை, நல்ல முத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதியவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்கோயா கடலில் வாழும் சிப்பி, அதிலிருந்து நன்னீர் முத்து வரவே வராது. பரோக் என்பது உருவம் ஒழுங்காக இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஏஏஏ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது, ஒரிஜினல் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது 'நன்னீர்' ஒன்றுதான், அதுவும் உண்மையாக இருந்தால்.

அறுந்த மாலைகளைப் பிரித்துத் திரும்பக் கோர்த்துத் தருவது என் வேலை. அதனால் முத்தின் முகத்தைவிட அதன் துளையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், என் பதிலும் கொஞ்சம் துளைப் பக்கமாகவே சாயும். முத்துக்குச் சொல்கிற பெயர்களில் சில அது எப்படி உண்டானது என்று சொல்லும், சில எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்று சொல்லும், சில வெறும் உருவத்தைச் சொல்லும், மீதியெல்லாம் தரம் பற்றிய விற்பனைப் பேச்சு. எது எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் விளம்பரத்தில் எது இல்லை என்பதும் கண்ணில் படும். பெரும்பாலும் அந்த இல்லாத சொல்தான் முக்கியமாக இருக்கும்.

முதலில் எப்படி உண்டானது என்பது. இயற்கை முத்து, வளர்ப்பு முத்து, போலி முத்து என்று மூன்று. நம்மிடையே 'செயற்கை முத்து' என்று ஒரு சொல் ஓடுகிறது, அதைச் சிலர் வளர்ப்பு முத்துக்கும் சிலர் கண்ணாடி மணிக்கும் சொல்வதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை, அந்தச் சொல்லை விட்டுவிடுவது நல்லது. வளர்ப்பு முத்து உண்மையான முத்துதான். சிப்பியின் உடம்புக்குள்தான் வளர்கிறது, மனிதன் செய்வது ஆரம்பித்துவைப்பது மட்டும். மணல் துகள் உள்ளே போய் முத்தாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம், உண்மையில் மணலை வெளியே தள்ளுவது சிப்பிக்குப் பெரிய வேலையே இல்லை. ஓடு சுரக்கும் மேலுறைத் திசு, ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ இடம் மாறி உடலுக்குள் போய்விட்டால், அந்தத் திசு அங்கே ஒரு பை போல வளர்ந்து தன் வழக்கமான வேலையைத் தொடர்கிறது, அதாவது நேக்கரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சிப்பி ஓட்டின் உள்பக்கம் மினுமினுக்கிறதே, அதே பொருள்தான் நேக்கர். அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத் தகடுகள் செங்கல்லாகவும் கான்கியோலின் என்ற புரதம் சாந்தாகவும் வைத்துக் கட்டிய சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தகடும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்.

வளர்ப்பில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கடல் சிப்பி என்றால் வேறொரு சிப்பியின் திசுத் துண்டும் ஒரு உருண்டை மணியும் சேர்த்து உள்ளே வைப்பார்கள். அந்த மணி பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியின் நன்னீர் மட்டி ஓட்டைக் கடைந்து செய்தது. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் எடுத்தது ஓட்டோடு ஒட்டிய அரைமுத்து. முழு உருண்டை முத்துக்கான வழியை மிசே, நிஷிகாவா போன்றவர்கள் அடுத்த பத்து இருபது வருடங்களில் கண்டுபிடித்தார்கள். 1920-களில் வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததும் இயற்கை முத்தின் விலை ஆட்டம் கண்டது, பின்னாலேயே வந்த பொருளாதார மந்தம் மிச்சத்தையும் முடித்தது. நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் உள்ள, கார்ட்டியே நகைக் கம்பெனியின் மாளிகை 1917-இல் கைமாறியது 100 டாலருக்கும் ஒரு இரட்டைச் சர இயற்கை முத்து மாலைக்கும். மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர். அதே மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இன்று கடையில் பார்ப்பதில் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துதான். அமெரிக்காவின் வர்த்தக ஆணைய வழிகாட்டு விதிப்படி வளர்ப்பு முத்தை வெறும் 'முத்து' என்று விற்கக் கூடாது, 'வளர்ப்பு' என்று சேர்த்தே சொல்ல வேண்டும். 'பஸ்ரா முத்து' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பாரசீக வளைகுடாவில் எடுத்த இயற்கை முத்துக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர், பஸ்ரா வியாபாரத் துறைமுகம். பழைய மாலை எதைக் கொண்டுவந்தாலும் இது பஸ்ரா என்று சொல்கிறவர்கள் நிறைய, சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெயரை நான் காதில் வாங்குவதில்லை.

அடுத்தது எந்த உயிரினம், எந்த நீர். நன்னீர் முத்து என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் சீனா, குளங்களில் வளர்க்கும் பெரிய மட்டி. இதில் வழக்கமாக மணி வைப்பதில்லை, திசுத் துண்டு மட்டும், ஒரே மட்டியில் முப்பது நாற்பது கூட வைக்கலாம். அதனால்தான் மலிவு, உருவமும் அரிசி போல, உருளைக்கிழங்கு போல எப்படியும் வரும். ஆனால் உள்ளே மணி இல்லாததால் கிட்டத்தட்ட முழுக்க நேக்கர். நன்னீர் என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளை, பீச், இளஞ்சிவப்பு, லாவண்டர் எல்லாம் இதில் இயல்பாகவே வருகிற நிறங்கள். மணி வைத்துப் பெரிதாக வளர்த்த நன்னீர் முத்தும் இப்போது வருகிறது, எடிசன் முத்து என்று விற்பது அதைத்தான்.

கடல் முத்தில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். அக்கோயா சிறியது, பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர், 9-ஐத் தாண்டுவது அபூர்வம், ஜப்பானிலும் சீனாவிலும் வியட்நாமிலும் வளர்க்கிறார்கள். உருண்டை, கண்ணாடி போன்ற கூர்மையான பளபளப்பு, சினிமாவில் பார்க்கும் அந்த வெள்ளை ஒற்றைச் சரம் இதுதான். தஹிட்டி முத்து கருவிளிம்புச் சிப்பியிலிருந்து வருவது, 8 முதல் 14 மில்லிமீட்டர் வரை, விளைவது பெரும்பாலும் தஹிட்டித் தீவில் இல்லை, பிரெஞ்சு பாலினேசியாவின் மற்றத் தீவுகளில். கருப்பு முத்து என்று சொன்னாலும் அசல் கருப்பு அபூர்வம். சாம்பல், பச்சை, கத்தரிப்பூ நிறம், பச்சையும் சிவப்பும் கலந்தடிக்கிற 'பீகாக்' என்று எல்லாம் உண்டு. தென்கடல் முத்து, அதாவது சவுத் சீ, எல்லாவற்றிலும் பெரியது, 9 முதல் 16 மில்லிமீட்டர் வரை சாதாரணம். வெள்ளி விளிம்புச் சிப்பியில் வருவது ஆஸ்திரேலியாவின் வெள்ளை, தங்க விளிம்பில் வருவது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் பொன்னிறம், இரண்டுமே ஒரே இனச் சிப்பிதான்.

கேஷி, மாபே, பிளிஸ்டர் எல்லாம் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லும் பெயர்கள். மணியைச் சிப்பி துப்பிவிட்டாலும் திசு மட்டும் தங்கி வேலை செய்தால் மணியில்லாத, கோணல்மாணலான, முழு நேக்கர் முத்து கிடைக்கும், அது கேஷி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இதன் மினுக்கு வேறெதிலும் வராது. ஓட்டோடு ஒட்டி வளர்வது பிளிஸ்டர். அப்படி அரைக்கோளமாக வேண்டுமென்றே வளர்த்து, வெட்டியெடுத்து, உள்ளே நிரப்பி அடியில் தகடு ஒட்டியது மாபே, கம்மலுக்கும் மோதிரத்துக்கும் அழகாக இருக்கும், தட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கு முத்து, மெலோ முத்து என்று நேக்கரே இல்லாத வகைகளும் உண்டு, கரீபியக் கடலின் ராணிச் சங்கில் வரும் இளஞ்சிவப்பு முத்தைப் பார்த்தால் பீங்கான் என்றுதான் நினைப்பீர்கள். அவை சேகரிப்பாளர்கள் உலகம், விட்டுவிடுவோம்.

உருவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரவுண்ட், நியர் ரவுண்ட், ஒரு பக்கம் தட்டையான பட்டன், டிராப், வளையம் வளையமாகக் கோடு விழுந்த சர்க்கிள், ஒன்றிலும் அடங்காத பரோக். சோக்கர், பிரின்சஸ், மாட்டினி, ஓப்பரா என்பவை முத்து வகைகளே இல்லை, மாலையின் நீளங்கள்.

தரத்துக்கு வருவோம். ரத்தினங்களை ஆராயும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ ஏழு விஷயங்களைப் பார்க்கிறது: அளவு, உருவம், நிறம், பளபளப்பு, மேற்பரப்பு, நேக்கரின் தரம், மாலையாக இருந்தால் ஒன்றுக்கொன்று பொருத்தம். என்னைக் கேட்டால் முதலில் பளபளப்பு, அதாவது லஸ்டர். விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள், விளக்கின் பிம்பம் விளிம்பு தெளிந்து கூர்மையாகத் தெரிந்தால் நல்லது, பால் தெளித்தது போலக் கலங்கித் தெரிந்தால் எத்தனை பெரிய முத்தானாலும் எனக்கு வேண்டாம். ஓவர்டோன் என்பது உடல் நிறத்தின் மேல் மிதக்கும் சாயல், வெள்ளை முத்தில் ரோஸ் அடிக்கிறது என்கிறோமே அது. ஓரியன்ட் வேறு, முத்தை உருட்டும்போது வானவில் போல நிறங்கள் நகர்வது, மெல்லிய நேக்கர் அடுக்குகளில் ஒளி பட்டுப் பிரிவதால் வருவது. இந்த இரண்டையும் விற்பவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

நேக்கர் தடிமன்தான் விளம்பரத்தில் பெரும்பாலும் இல்லாத அந்தச் சொல். அக்கோயாவைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மணியின் மேல் சன்னமான பூச்சுதான் இருக்கும். விளக்கடியில் மெதுவாக உருட்டினால் உள்ளே இருக்கும் மணியின் அடுக்குகள் பளிச், மங்கல் என்று மாறி மாறித் தெரியும், இதைப் 'பிளிங்க்' என்பார்கள். கோர்க்கும்போது துளை ஓரத்தில் லென்ஸ் வைத்தால் மணி எங்கே முடிகிறது, நேக்கர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போலத் தெரியும். சன்னமானது சில வருடங்களில் துளையைச் சுற்றிப் பொரிந்து உதிரும். அப்படி வருகிற மாலைகளைக் கோர்த்துத் தரலாம், சரிசெய்ய முடியாது.

ஏ, ஏஏ, ஏஏஏ என்பது கடைக்குக் கடை மாறும். ஒரே கடையின் இரண்டு மாலைகளை ஒப்பிட மட்டும் உதவும். தஹிட்டி முத்தில் பல இடங்களில் ஏ முதல் டி வரை என்று ஒரு வரிசை ஓடுகிறது, அங்கே ஒற்றை ஏதான் உச்சம், அதைக் கண்டு தரம் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 'ஹனடமா' கொஞ்சம் வேறு, ஜப்பானிய ஆய்வகம் நேக்கர் தடிமனையும் பளபளப்பையும் சோதித்து உயர்ந்த அக்கோயாவுக்குத் தருவது, காகிதம் இருந்தால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

அப்புறம் சாயம். அக்கோயாவை வெளுப்பது, லேசாக ரோஸ் ஏற்றுவது எல்லாம் வழக்கமான வேலை, அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்னீர் முத்து கன்னங்கரேலென்று இருந்தால் அது சாயமோ கதிர்வீச்சோதான், பொன்னிறத்திலும் சாயம் நிறைய ஓடுகிறது. சாயம் துளை ஓரத்திலும் மேற்பரப்புப் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும், அங்கே பாருங்கள்.

'ஷெல் பேர்ல்' என்பது சிப்பி ஓட்டையோ அதன் பொடியையோ உருட்டி மேலே பூச்சு பூசிய போலி, பெயரில் ஓடு இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். 'மல்லோர்கா முத்து' கண்ணாடி மணிமேல் மீன் செதில் சாறு கலந்த பூச்சு. அழகாகவே இருக்கும், போலி என்று சொல்லி விற்றால் தப்பேயில்லை. இரண்டு முத்தை மெல்ல ஒன்றோடொன்று உரசினால் உண்மையானது லேசாக நறநறக்கும், போலி வழுக்கும். இந்தச் சோதனை முத்தா போலியா என்று மட்டும் சொல்லும், வளர்ப்பு முத்தும் இயற்கை முத்தும் ஒரே மாதிரிதான் நறநறக்கும். அந்த இரண்டையும் பிரிக்க ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுத்து உள்ளமைப்பைப் பார்த்தாக வேண்டும். அதனால் யாராவது 'இயற்கை' என்று சொல்லி விலையை ஏற்றினால் எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். வளர்ப்பு என்று ஒப்புக்கொண்டால் எந்தச் சிப்பி, நேக்கர் எவ்வளவு, சாயம் உண்டா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.