தென்னாப்பிரிக்காவில் கஞ்சா சட்டப்படி அனுமதியாமே? அங்குள்ள தமிழர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? இந்தியாவிலும் அனுமதிக்கலாமா?

தம்பி, நீங்கள் வேலைக்காக டர்பன் பக்கம் வரப்போகிறவர் என்று நினைக்கிறேன். சும்மா பொது அறிவுக்காக யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஊகம் தப்பென்றால் விட்டுவிடுங்கள், கேள்வி என் வீட்டு விஷயத்தைத் தொட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் கஞ்சா பிடித்ததில்லை, பிடிக்கச் சொல்லவும் வரவில்லை. "ஒரு பொம்பளை, அதுவும் கோயிலில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள், கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று கீழே எழுத இரண்டு பேராவது காத்திருப்பார்கள். எழுதட்டும். தீபாவளிக்கு முதல் நாள் டாஸ்மாக் வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்களிடம் எனக்கு இதில் வாதம் ஒன்றுமில்லை.

"அனுமதி" என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களே, அது பாதிதான் சரி. 2018 செப்டம்பர் 18 அன்று இங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வயது வந்த ஒருவர், தனி இடத்தில், தன் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதும் பிடிப்பதும் செடி வளர்ப்பதும் குற்றமில்லை, அதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்றது. நாடாளுமன்றம் 24 மாதத்துக்குள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கெடு வைத்தது. நாடாளுமன்றத்துக்கு ஆறு வருடம் பிடித்தது. 2024 மே 28, பொதுத் தேர்தலுக்கு முதல் நாள், ஜனாதிபதி ராமபோசா புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வளர்க்கலாம், பிடிக்கலாம், காசு வாங்காமல் இன்னொரு பெரியவருக்குக் கொடுக்கலாம். விற்கவோ வாங்கவோ கூடாது. தெருவில் நின்று பிடிக்கக் கூடாது. அதாவது செடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடையில் வாங்கிக்கொள்ள முடியாது. அப்படியிருந்தும் போர்டு மாட்டிக் கடை நடத்துகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். போலீஸ் சில நாள் பார்க்கும், சில நாள் பார்க்காது. புதிதாக வந்த நீங்கள் அந்தச் "சில நாளில்" மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் வேலை வண்டி, எந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் கம்பெனியில் சிறுநீர்ச் சோதனையும் உண்டு. தினமும் பிடிக்கிறவர் உடம்பில் அது வாரக்கணக்கில் காட்டும்.

சரி, இப்போது என் கதை.

நான் திருநெல்வேலிப் பக்கத்து கிராமம். 1994-ல் கல்யாணமாகி டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் இருக்கிற சாட்ஸ்வொர்த் வந்தேன். அதற்குச் சில வருடம் முன்பு வரை இந்தியப் பாஸ்போர்ட்டில் "தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது" என்று அச்சடித்தே கொடுத்தார்கள். மறு வருடம் பையன் பிறந்தான்.

2014 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. புரட்டாசி. இங்கே புரட்டாசி மாதம் எங்கள் தெருவே கறி, மீன் தொடாது, ஊரில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மறுநாள் படையலுக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருக்கும்போது போன். பையனுக்கு 19 வயது, கல்லூரி இரண்டாம் வருடம். சிநேகிதன் காரில் மூன்று பேர், கடற்கரை ரோட்டில் போலீஸ் மறித்திருக்கிறது. சாம்பல் தட்டில் பாதி பிடித்த ஒரு ஸோல், சீட்டுக்கு அடியில் ஒரு பேங்கி. ஸோல் என்றால் சுருட்டிய கஞ்சா, பேங்கி என்றால் சின்ன பிளாஸ்டிக் பொட்டலம். எனக்கே அன்றைக்குத்தான் இந்த வார்த்தைகள் தெரியும்.

வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். கொழுந்தனாரை எழுப்பி அவர் பக்கியில் (பின்னால் திறந்த சின்ன லாரி) ஏறிப் போனேன், விரலில் உளுந்து மாவு காய்ந்துபோயிருந்தது. எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நம் ஆள்தான், மரியாதையாகத்தான் பேசினார். "ஆன்ட்டி, 300 ராண்ட் கட்டிக் கையெழுத்துப் போட்டால் பையனை இப்போதே கூட்டிப் போகலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை கோர்ட், சனி ஞாயிறு உள்ளேதான்." உள்ளே எட்டிப் பார்த்தேன். இருபது பேர் இருப்பார்கள், அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. என் பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தான். காசைக் கட்டிவிட்டேன். அவன் கையெழுத்துப் போட்டான். அந்த மனிதருக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் விரல்களில் கைரேகை எடுத்த மை. பாத்திரம் விளக்கும் சோப்பைக் கொடுத்துத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். போய்விட்டது. அப்புறம் முதுகில் நாலு வைத்தேன். அந்த வருடம் அவன் இரண்டு பாடத்தில் பெயிலாகியிருந்தான், காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. இதையும் சொல்லத்தான் வேண்டும், நம் பிள்ளையை மட்டும் யோக்கியனாக்கிப் பேசக் கூடாது.

காரில் இருந்த இன்னொரு பையனின் அப்பா வந்தார், "கிடக்கட்டும், புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கல் நெஞ்சுக்காரன் என்று தெரு முழுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை கோர்ட்டில் அந்தப் பையனுக்கு என்ன நடந்தது தெரியுமா? முதல் தடவை, படிக்கிற பிள்ளை என்று ஒரு ஆலோசனை வகுப்புக்கு அனுப்பிவிட்டு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் இன்று ஆக்லாந்தில் கணக்காளன். என் பையன்?

2018 ஜூலையில் அவனுக்குக் கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. இங்கிருந்து நிறைய பிள்ளைகள் போகிறார்கள், சம்பளமும் வீடும் கொடுப்பார்கள். போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். கைரேகை பிரிட்டோரியா போய்த் திரும்பி வந்தது. "டாகா வைத்திருந்தது, குற்றவாளி" என்று ஒரு வரி. டாகா என்றால் இங்கே கஞ்சா. நான் கட்டிய 300 ராண்ட் ஜாமீன் இல்லையாம். "அட்மிஷன் ஆஃப் கில்ட்" என்பார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். நீதிபதி முகத்தைக்கூடப் பார்க்காமல் குற்றவாளி ஆகலாம், பத்து வருடம் கழித்து மனு போட்டு அழிக்கும் வரை பதிவில் நிற்கும். ஸ்டேஷனில் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எத்தனை அம்மாக்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

கொரியா போயிற்று. இரண்டு மாதம் கழித்து அந்தத் தீர்ப்பு. டிவியில் ஆட்கள் நீதிமன்ற வாசலில் ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டில் கைதட்டல் கேட்கிறது. தீர்ப்பு இனிமேல் நடப்பதற்குத்தான், பழைய தண்டனைக்கு இல்லை என்று படித்துச் சொன்னார்கள். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினான். அது எனக்கு அவன் அழுதிருந்தால் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் காரெத் பிரின்ஸ், கஞ்சாவைப் புனிதமாக நினைக்கிற ரஸ்தஃபாரி மதத்துக்காரர். சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததாகப் பழைய தண்டனை இரண்டு இருக்கிறது, இனியும் பிடிப்பேன் என்கிறார் என்று அவரை வக்கீலாகப் பதிவுசெய்ய மறுத்துவிட்டார்கள். 2002-ல் இதே நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்று தோற்றார். 16 வருடம் கழித்து அங்கேயே ஏகமனதாக ஜெயித்தார். பிடிக்கிறவர் என்பதற்காக நான் அவரை மெச்சவில்லை, அந்தப் பதினாறு வருடப் பிடிவாதத்துக்குத்தான் கும்பிடு.

இன்னொரு சங்கதி. என் நாத்தனார் மகள் வரலாறு படித்தவள், அவள்தான் சொன்னாள். 1870-ல் நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கிற அன்றைய பிரிட்டிஷ் காலனியில், ஒரு சட்டம் போட்டார்கள். "கூலிகள்" கஞ்சா பிடிப்பதும் வைத்திருப்பதும் அவர்களுக்கு விற்பதும் தடை. கூலி என்றால் யார்? 1860-ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்களே, அவர்கள்தான். என் மாமனாரின் தாத்தா வகையறா. ஜூலு மக்கள் இன்சாங்கு என்று சொல்லி அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே பிடித்து வந்த ஊர் இது. ஆனால் துரைமார்களுக்குக் கரும்பு வெட்டு கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். நாடு முழுக்கத் தடை 1920களில் வந்தது. 115 கிராமுக்கு மேல் இருந்தால் விற்கத்தான் வைத்திருந்தான் என்று சட்டமே முடிவு கட்டிய காலமும் உண்டு. 1995-ல்தான் அந்த ஊகத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உலகம் முழுக்க ஒரு ரகக் கஞ்சாவை "டர்பன் பாய்சன்" என்று எங்கள் ஊர்ப் பெயரை வைத்து விற்கிறார்களாம். பாண்டோலாந்து மலைகளில் தலைமுறையாக அதைப் பயிரிட்ட ஏழை ஜனங்களின் வயல்மேல் ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளித்ததுதான் அரசாங்கம் அவர்களுக்குச் செய்தது.

அப்படியென்றால் எல்லாரும் பிடிக்கட்டுமா என்பீர்கள். இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பையன், 15 வயதிலிருந்து காலை மாலை அதுதான். இப்போது சுவரோடு பேசுகிறான். சின்ன வயதில் அதிகமாகப் பிடித்தால், ஏற்கெனவே மனநோய்க்கு வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து கூடும் என்று டாக்டர்கள் சொல்வது உண்மைதான், அவன் அம்மாவிடம் போய் "மூலிகைதானே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாண்ட்ராக்ஸ் என்கிற மயக்க மாத்திரையைப் பொடித்து இதோடு கலந்து பாட்டில் கழுத்தில் வைத்துப் பிடிக்கிற கூட்டமும் உண்டு. ஆனால் சாட்ஸ்வொர்த் தாய்மார்களை உண்மையில் நடுங்க வைத்தது "சுகர்ஸ்". மட்டமான ஹெராயினில் கண்டதைக் கலந்து விற்பது. வீட்டுக் குழாயைக் கழற்றி விற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதன் வியாபாரியைப் பிடிக்க ஆள் இல்லை, காரில் பாதி ஸோல் வைத்திருந்த மாணவனைப் பிடிக்க நாலு வண்டி.

ஆகவே என் கட்சி இதுதான்: பிடித்தவனைக் குற்றவாளிப் பதிவில் ஏற்றாதீர்கள். கடை திறந்து விற்பதற்கு நான் ஆதரவில்லை, ஏற்கெனவே சாராயக் கடை போதும். இந்தியாவில் 1985-ம் வருடச் சட்டப்படி ஒரு கிலோ வரை "சிறு அளவு", அதற்கே ஒரு வருடம் வரை சிறை இருக்கிறது. அதே செடியின் இலை மட்டும் அந்தச் சட்டத்தில் கஞ்சா இல்லை, வடக்கே பாங் என்று லைசென்ஸ் கடையிலேயே விற்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையில் சுருட்டோடு ஒரு பொட்டலமும் வைப்பார்கள், ஏட்டையாவும் வந்து திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். சிறையை எடுத்துவிட்டு, பதிவில் ஏறாத அபராதம் போட்டால் போதாதா? சட்டம் தெரிந்தவர்கள் திருத்துங்கள், திட்டாமல் திருத்துங்கள்.

2024 சட்டத்தில் பழைய பதிவுகளை அழிக்க வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அமலாகும் தேதியைத் தனியாக அறிவிக்க வேண்டுமாம். நாங்கள் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரில் பத்து வருடம் முடிந்ததும் பழைய வழியிலேயே பிரிட்டோரியாவுக்கு மனு போட்டோம். பையன் இப்போது டர்பன் பக்கத்து உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் இருக்கிறான், ராத்திரி முழுக்க வெள்ளைக்காரர்களின் இன்சூரன்ஸ் கேள்விக்குப் பதில் சொல்கிறான். கொரியாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நீங்கள் வந்து எப்போதாவது மாட்டினால், வெள்ளிக்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலைக் கேளுங்கள், ஜாமீன் கேளுங்கள், முடியாவிட்டால் திங்கட்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. "அங்குள்ள தமிழர்கள்" என்று கேட்டீர்கள். இந்தத் தளத்தில் யாராவது தென்னாப்பிரிக்கா என்றாலே "அவர்களுக்குத் தமிழே தெரியாதே" என்று வந்துவிடுகிறார்கள். எப்படித் தெரியும்? ஞாயிறு காலை கோயில் ஹாலில் பதினோரு பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், மூன்று புத்தகம்தான் இருக்கிறது, அதிலும் ஒன்றுக்கு அட்டை இல்லை. புது அலங்கார விளக்குக்குக் கமிட்டியில் பணம் இருக்கிறது, புத்தகம் என்றால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம். இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. நீங்கள் வருவது நிஜமென்றால், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் எட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். சுங்கத்தில் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.