நண்பகலில் காத்திருந்தும் காணவில்லை: ஜப்பானின் தடாமி ஆற்றுப் பாலத்தில், ரயிலோடு படமெடுக்க மூடுபனி எப்போது கிடைக்கும்? அதே பயணத்தில் அவ்வூரின் சைனோகாமி விழாவையும் எடுக்கலாமா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, விடியற்காலையில் செல்லுங்கள்; நீங்கள் காத்திருந்த நண்பகலில், ஃபுகுஷிமாவின் மிஷிமா ஊரிலுள்ள தடாமி முதல் பாலத்தில் மூடுபனி தங்குவது அரிது.

மலைப்பனி உருகிக் குளிர்ந்த ஆற்றுநீரை ஈரமான கோடைக்காற்று தொடும்போதுதான் அது எழுகிறது. வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

முதலில் ரயில் கால அட்டவணையைப் பாருங்கள். நாளொன்றுக்குச் சில ரயில்களே ஓடுவதால், சாலையோர ஓய்விடத்திலிருந்து மேலேறும் பாதையின் காட்சிமுனைக்கு முன்னதாகவே சென்று நில்லுங்கள். வெண்திரையிலிருந்து ஓரிரு பெட்டிகள் வளைவுப் பாலத்தின்மேல் மெல்ல வெளிப்படும் அந்தச் சில நொடிகளுக்காக எத்தனை முறையும் காத்திருக்கலாம்.

காற்று வீசினால் மூடுபனி நிற்காது என்பதால், இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். வைக்கோல் சுற்றிய புனித மரத்தை எரித்து நல்விளைச்சல் வேண்டும் மிஷிமாவின் சைனோகாமி விழாவோ ஜனவரி நடுவில் வருகிறது. கோடை மூடுபனியையும் விழாவையும் ஒரே பயணத்தில் படமெடுக்க இயலாது.